பால்மில் மீது ஒரு பிராது

1

இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. விருத்தாசலத்திலிருந்து கருவேப்பிலங்குறிச்சி போகிற பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை, இன்ஜின் இரைச்சலுக்கு மேலே கத்தித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டுனனே, பலிச்சிப்போச்சுக்கா."

"பலிச்சா நல்லதுதானடி."

"என்னா நல்லது? நான் கேட்டதே தப்பா கேட்டுட்டன். போயி வாபஸ் வாங்கணும்."

"சாமிகிட்டயேவா?"

"பின்ன, தாசில்தார்கிட்டயா?"

அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள். எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். அந்தப் பெண் என்ன கேட்டாள், எப்படித் தப்பாகக் கேட்டாள் என்பது எனக்குத் தெரியாது. ஆகவே கீழே வருகிறதெல்லாம் நான் இட்டுக் கட்டியது.

(வெளியூர்க்காரர்களுக்கு: மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், ஸ்டேஷனில் புகார் கொடுப்பதுபோலக் குறையைத் தாளில் எழுதி சாமி முன்னால் கட்டிவிட்டு வரலாம். அதுதான் பிராது. குறை தீர்ந்துவிட்டால் திரும்ப வந்து வாபஸ் வாங்க வேண்டும். வாங்காமல் விடுவது நல்லதில்லை என்பார்கள்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மணிமுத்தாற்றில் மாலை வெயில் தங்கமாக" – அடித்துவிட்டேன். அந்த ஆற்றில் மணல்லாரியைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது: "கொளஞ்சிநாதனுக்குச் சத்தம் ஆகாது. அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே அரக்கன் மாதிரி ஒரு பால்மில் இரவும் பகலும்" – இதை அடிக்கவில்லை. அரக்கன் என்று எழுதியதும் கதை வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். எங்கே தொல்லை, யார் வில்லன், எல்லாம் ஒரே வரியில் முடிந்தது. டீ குடிக்கப் போய்விட்டேன்.

கொளஞ்சியின் அப்பாவை ஒரு வரைவில் சாகடித்தேன். சாவு வந்தால் பதினாறாம் நாள் காரியம் வரை எழுத வேண்டும். அடுத்த வரைவில் திருப்பூருக்கு அனுப்பினேன், அங்கிருந்து போன் செய்து தொல்லை கொடுத்தார். இப்போது அவர் இல்லை. ஏன் இல்லை என்று கேட்காதீர்கள்.

3

அம்சவல்லி விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவள். சூளையிலிருந்து இறங்கும் பீங்கான் பியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்து விரிசல் விட்டதைத் தள்ளுவது அவள் வேலை. மகன் கொளஞ்சிநாதன் பக்கத்துப் பொம்மைக் கம்பெனியில். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில் இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் ஒரு வரம்பு நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சுரண்டுவான். இருபத்தேழு வயது. யாராவது தோளைத் தொட்டால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவான்.

குடியிருப்பது தொழிலாளர் சங்கம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீடு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் வாழ்த்துவார்கள்.

சின்ன வயதில் அவனை மந்தம் என்றார்கள், அப்புறம் கிறுக்கு என்றார்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாதான் ஆட்டிசம் என்று சொன்னார். வீட்டில் சத்தத்தைக் குறையுங்கள் என்றும் சொன்னார். அம்சவல்லி அந்தப் பேரை விட்டுவிட்டு வேலையை எடுத்துக்கொண்டாள். எவர்சில்வர் தட்டு, டம்ளரையெல்லாம் போட்டுவிட்டு பிளாஸ்டிக் வாங்கினாள். தாழ்ப்பாளுக்குத் துணி சுற்றினாள். குக்கரைத் தூக்கிப் பரண்மேல் போட்டுப் பானையில் சோறு வடித்தாள். பொதுச் சுவரை ஒட்டி உமி நிரப்பிய சாக்குகளை அடுக்கினாள். காதில் பஞ்சு வைத்தால் பிடுங்கி எறிந்தான், அதை மட்டும் விட்டுவிட்டாள்.

தன் வீட்டை அடக்கிவிட்டாள். பக்கத்து வீட்டை என்ன செய்வது?

பக்கத்து வீட்டில் விருத்தாம்பாள். தலைச்சுமையாகப் பாத்திரம் விற்கிறவள். காலையில் குண்டானுக்குள் குண்டானை அடுக்கிக் கூடையில் கட்டுவாள், வந்ததும் அவிழ்த்துக் கொட்டுவாள். கொட்டுவது சரியாகப் பொதுச் சுவரின் ஓரம்.

"அக்கா, கொஞ்சம் மெதுவா வையுங்கக்கா. புள்ள உள்ள தலைய முட்டிக்கிறான்."

"என் குண்டான் சத்தம் ஒம் புள்ளைக்கு ஆவலன்னா, நான் என்னா பஞ்சுலயா பாத்திரம் செஞ்சு விக்க முடியும்? அந்த மில்லு தடதடன்னு கெடந்து ஓடுது, அதக் கேக்க ஒனக்கு வாயில்ல. எங்கிட்ட வந்துட்டா, எளச்சவகிட்ட."

அது நியாயமாகத்தான் பட்டது அம்சவல்லிக்கு. பேட்டைக்குள் யார் வந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி, இந்தச் சத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான். பால்மில் (பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை) என்றால் பெரிய இரும்பு உருளை. உள்ளே களிமண், கல்மாவு, தண்ணீர், கூடவே முட்டை அளவுக் கூழாங்கற்கள். உருளை சுற்றச் சுற்றக் கல்லோடு கல் மோதி மண்ணைக் கூழாக்கும். ஒருமுறை ஏற்றினால் அரைபடும்வரை நிறுத்த மாட்டார்கள். இந்த ஊரிலேயே பெரிய சத்தம் அதுதான். பெரிய சத்தம்தான் பெரிய தொல்லை என்று அம்சவல்லி நினைத்தாள்.

நானும் அப்படித்தானே எழுதினேன், அரக்கன் என்று.

4

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கொடுக்கிற ஆள் கேட்டார்: "யாரு மேலம்மா?"

"பால்மில்லு மேல."

"ஓனர் பேரு சொல்லு."

"ஓனர் நல்லவருங்க. மில்லு மேலதான்."

"மிஷின் மேல பிராது எழுதி நான் பாத்ததில்ல. நகை காணும்பாங்க, புருசன் வரலம்பாங்க, பங்காளி வரப்ப வெட்டிட்டாம்பாங்க."

"நீங்க எழுதுங்கய்யா. எம் புள்ளைக்கு சாமி பேர்தான் வெச்சிருக்கன். அது அவருக்குப் புரியும். பால்மில்லு சத்தம் நிக்கணும், எங்களுக்கு நல்ல வூடு கெடைக்கணும்னு எழுதுங்க."

எழுதினார். கட்டிவிட்டு வந்தாள். பேட்டையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மில் நின்றால் கூழ் இல்லை. கூழ் இல்லையென்றால் அச்சு காயும், சூளை ஆறும், அத்தனை பேர் அடுப்பும் ஆறும். ஊர்க் கூலியை நிறுத்தச் சொல்லி சாமியிடம் போனவள் என்று தெரிந்தால் விருத்தாம்பாள் ஒருத்தியே போதும், அந்தக் குண்டான்களில் ஒன்றை எடுத்து இவள் தலையில் கவிழ்க்க.

5

மில் நின்றது.

இங்கே நான் எதையும் வளைக்கவில்லை. நடப்பது 2008. அந்த வருடம் தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் போனது, பேட்டையிலும் போனது. சாமிதான் செய்தாரா, மின்வாரியமா என்று பஸ்ஸில் வந்த பெண்ணைப்போல முடிவு சொல்ல எனக்குத் தைரியமில்லை.

முதல் நாள் மில் நின்றபோது அம்சவல்லி பியூஸ் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "கொளஞ்சியப்பா" என்றாள். வாயெல்லாம் சிரிப்பு. பிறகு பக்கத்தில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை மூடிக்கொண்டாள்.

பொம்மைக் கம்பெனியிலும் ஆட்களை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு ஓடினாள். மகன் சிரித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள்.

கரண்ட் போனால் லைன் வீட்டில் என்ன நடக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. புழுக்கம் தாங்காமல் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி முறத்தால் விசிறிக்கொண்டு எதிர்வீட்டுக்காரியோடு சண்டை போட்டாள். பிள்ளைகள் டயர் ஓட்டினார்கள். யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது. வேலை இல்லாத நேரத்தில் பாத்திரத்தைத் துடைத்து வைப்போம் என்று விருத்தாம்பாள் எல்லாவற்றையும் இறக்கி வைத்திருந்தாள். மில் ஓடும்போது இதெல்லாம் மங்கலாக எங்கோ கேட்கும். இப்போது ஒவ்வொன்றும் தனித்தனியாக வீட்டுக்குள் வந்தது.

கொளஞ்சி உமிச் சாக்குகளுக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து, காதைப் பொத்திக்கொண்டு, நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தான். காரை உதிர்ந்து கிடந்தது.

6

இங்கே அவன் தலைக்குள் போய்விடலாம் என்று பார்த்தேன்.

"ஒவ்வொரு சத்தமும் ஊசியாக" – வேண்டாம். ஊசி எல்லாருக்கும் தெரிந்த வலி.

"ஒரு கும்பல் ஒரே நேரத்தில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல" – இது கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் யார் சொன்னது? நான்.

"அவனுக்கு" –

எனக்குத் தெரியவில்லை. அம்சவல்லிக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கரண்ட் போகிற நாளெல்லாம் அவன் முட்டிக்கொண்டான். நெற்றி வீங்கியது. வேலையில் பொம்மைகளின் மூக்கைச் சேர்த்துச் சுரண்டிவிட்டான், கம்பெனியில் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றார்கள். அவளுடைய அண்ணன் நல்லூரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "ஒரு ஹோம் இருக்குது. கேட்டப் பூட்டிடுவாங்க, எங்கயும் போவ முடியாது. சோறு போடுவாங்க. ஒனக்கும் வயசாவுது, யோசி" என்றான். கேட்டைப் பூட்டுவார்கள் என்பதை ஏதோ வசதி மாதிரிச் சொன்னான்.

ஆக, நல்ல வீடு கிடைத்தால் கொளஞ்சி இங்கே இருப்பான். கிடைக்காவிட்டால் பூட்டிய கேட்டுக்கு உள்ளே போவான். இந்தக் கதையில் இதைத் தவிர வேறு கேள்வி இல்லை.

7

வீடு கிடைத்தது. பிராதின் இரண்டாவது பாதியும் பலித்துவிட்டது.

சங்கத்துச் செயலாளர் நடராசன் நல்ல மனிதர், கொஞ்சம் பயந்தவர். சுவரில் காரை உதிர்வதாகப் புகார் வந்து பார்க்க வந்தவர், கொளஞ்சியின் நெற்றியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த வாரமே கடைசி வரிசையில், மில்லுக்கு ரொம்பத் தள்ளி, முந்திரித் தோப்பை ஒட்டின வீட்டை அவர்களுக்கு ஒதுக்கினார். அவர்கள் இருந்த நடு வரிசை வீட்டை வேறொருவருக்கு எழுதியும் கொடுத்துவிட்டார்.

"ஈ பறந்தாக் கூட கேக்காதும்மா அங்க" என்றார்.

ஈ பறந்தால் கேட்டது. அதுதான் அந்த வீட்டின் தொல்லை. அம்சவல்லி மகனை அழைத்துப்போய்க் கதவைத் திறந்தபோது அன்று மின்வெட்டு நேரம். ஊரே அடங்கிக் கிடந்தது. பக்கத்தில் யாரோ தேங்காய் துருவினார்கள். குழாய் சொட்டியது. ஒரு நாய் குரைத்து, நிறுத்தி, மறுபடி குரைத்தது. கொளஞ்சி வாசற்படியைத் தாண்டவில்லை. ஒவ்வொரு சத்தம் வந்த பக்கமும் தலையைத் திருப்பினான், பிறகு ஓடிவிட்டான்.

அம்சவல்லி தேடினாள். பொம்மைக் கம்பெனி, டீக்கடை, ரயில்வே கேட் என்று எல்லாம் தேடினாள். தேடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்து மில் தடதடவென்று கிளம்பியது. அய்யோ, இதுவும் சேர்ந்துகொண்டதே என்று வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடினாள்.

மில் கொட்டகையை ஒட்டி ஒரு வீடு உண்டு. வரிசையில் முதல் வீடு, யாரும் குடிவராத வீடு. சத்தத்தில் சுவரே அதிரும் என்பதால் பழைய பிளாஸ்டர் அச்சுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். கதவு திறந்திருந்தது. உள்ளே கொளஞ்சி உட்கார்ந்திருந்தான். மில் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, கைகளை மடியில் போட்டு. காதில் கை இல்லை.

கத்திக் கேட்டுவிட்டு, அவன் வாயருகே காதை வைத்தாள்: "இங்க என்னாடா பண்ற?"

"இங்க குக்கர் வராது. குண்டான் வராது. நாய் வராது" என்றான்.

அம்சவல்லி அச்சுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடம் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது எதுவோ, அதன் மேல் போய்ப் பிராது கட்டியிருக்கிறாள்.

(நானும் டீக்கடையிலிருந்து திரும்பி வந்து, அரக்கன் என்ற சொல்லை அடித்தேன்.)

8

வாபஸ்.

"கொறை தீந்துடுச்சாம்மா?"

"தீந்துடுச்சுங்க."

"அப்பறம் ஏன் அழுவுற?"

"தீந்ததுக்குத்தாங்க அழுவுறன். மில்லு ஓடட்டும்னு எழுதுங்க."

"வாபஸ்ஸுன்னா வாபஸ் மட்டுந்தாம்மா. புதுசா கேக்கணும்னா புதுசா கட்டணும்."

அவள் புதிதாகக் கட்டவில்லை. இனிமேல் கேட்பதை மனுஷர்களிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டாள்.

9

இந்த எண்ணில் ஒரு பகுதி இருந்தது. ஆட்டிசம் பற்றி நான் படித்ததையெல்லாம் கொட்டியிருந்தேன். அம்சவல்லி படித்திருக்க மாட்டாள் என்பதால் எடுத்துவிட்டேன்.

10

"மில்லு வூடா?" என்றார் நடராசன். "எவனும் சும்மா குடுத்தாக்கூட வாங்க மாட்டான். என்னா கணக்கும்மா போடுற?"

"கணக்கெல்லாம் இல்லண்ணே. அவன் அங்கதான் இருப்பான்."

"நாளைக்கி எவனாவது பேப்பர்காரன் வந்து, புத்தி சரியில்லாத புள்ளைய மில்லு சுவத்துல ஒட்ட வெச்சிட்டான் நடராசன்னு போடுவான். ஒன்ன எவனும் கேக்க மாட்டான். என்னத்தான் கேப்பான்."

"அவனுக்குப் புத்தி சரியாத்தான் இருக்குது. நமக்குத்தான் வெளங்கல."

நடராசன் யோசித்தார். "அவனே வந்து கேக்கட்டும். எனக்கு அந்த வூடுதான் வேணும்னு அவன் வாயால சொல்லட்டும். அப்பறம் எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறன்."

அநியாயமான நிபந்தனை இல்லை. இதுவரை யாரும் கொளஞ்சியைக் கேட்டதில்லை, இவராவது கேட்கிறார். ஆனால் சங்க அலுவலகம் ஒரு தகரக் கொட்டகை. டெலிபோன், நாற்காலி இழுபடும் சிமென்ட் தரை, வாடகை கட்ட வந்த கூட்டம். கொளஞ்சி வாசல்வரை வந்தான். போன் மணி அடித்தது. திரும்பி நடந்துவிட்டான்.

11

இங்கே கதையை முடிக்க மூன்று வழி பார்த்தேன்.

அ) வாபஸ் வாங்கியதும் மின்வெட்டு நின்றுவிடுகிறது. அந்த வருடம் தமிழ்நாட்டில் இருந்த யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

ஆ) மில்வீடு கிடைக்கிறது. கரண்ட் போகிற நேரத்தில் அம்மா ஒரு டின்னில் கூழாங்கல்லைப் போட்டு, மகனுக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கிறாள். இதை முழுசாக எழுதினேன், நன்றாகவும் வந்தது. அப்புறம், நாள் முழுக்க பியூஸ் கட்டை தட்டிவிட்டு வந்தவள் எவ்வளவு நேரம் சுற்றுவாள் என்று யோசித்தேன். தோள்பட்டை கழன்றுவிடும். படிக்கிறவர் அழுவதற்காக அவள் கையை நான் ஒடிக்க முடியாது.

இ) கொளஞ்சி அலுவலகத்துக்குள் போய், எல்லார் முன்னாலும் தெளிவாகப் பேசுகிறான். பேனா என் கையில் இருக்கிறது, பேச வைத்துவிடலாம். ஆனால் ஒரு வீட்டுக்காக அவன் ஏன் வேறு ஆளாக மாற வேண்டும்?

மூன்றையும் விட்டுவிட்டு அம்சவல்லி என்ன செய்தாள் என்று பார்த்தேன். அவள் மறுபடி நடராசனிடம் போயிருந்தாள்.

"அவன் வர மாட்டாண்ணே. நீங்க வாங்க. மில்லு வூட்ல வந்து கேளுங்க. அங்க பேசுவான்."

12

நடராசன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வந்தார். அது அவருடைய நல்ல மனசு.

மில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்குள் தரை, சுவர், அடுக்கியிருந்த அச்சுகள் எல்லாம் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தன. கொளஞ்சி வழக்கமான இடத்தில் சாய்ந்திருந்தான். நடராசன் அவன் முன்னால் குந்திக் கத்தினார்: "சொல்லு தம்பி! ஒனக்கு எந்த வூடு வேணும்?"

அவர் கத்தியது அவருக்கே கேட்டிருக்காது. கொளஞ்சிக்குக் கேட்டதோ, அம்மா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாளோ, அவன் பேச ஆரம்பித்தான். நடராசனைப் பார்க்கவில்லை, அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசினான். உதடு நிற்கவே இல்லை. கையை நடு வரிசைப் பக்கம் காட்டினான், விரல்களை உதறினான். முந்திரித் தோப்புப் பக்கம் காட்டித் தலையை ஆட்டினான். பிறகு உள்ளங்கையைப் பின்னால் கொண்டுபோய் சுவரில் வைத்தான். வைத்தபடியே பேசினான். அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அம்சவல்லி பார்த்ததே இல்லை.

"என்னா? என்னா சொல்றான்?" நடராசன் காதுமேல் கையைக் குவித்தார்.

அம்சவல்லி உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்கும் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை, கிட்டே போய்க் காதை வைத்தால் பேச்சை நிறுத்திவிடுவானோ என்று நகரவும் இல்லை.

மில் ஓட்டுகிற தர்மராஜ் கதவில் தலையை நீட்டினார். நிலைமையைப் பார்த்தார். நிறுத்தட்டுமா என்று கையைத் திருப்பிக் கேட்டார். நடராசன் வேகமாகத் தலையாட்டினார், நிறுத்து, நிறுத்து. அம்சவல்லி எழுந்து குறுக்கே நின்று, இரண்டு கையையும் விரித்தாள். வாயைத் திறந்து ஏதோ கத்தினாள். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் என்ன கத்தினாள் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

தர்மராஜ் வாசலுக்கு வெளியே, கொட்டகைச் சுவரில் இருக்கும் சுவிட்சில் கையை வைத்தபடி இவளையும் பார்க்கிறார், அவரையும் பார்க்கிறார்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். கொளஞ்சி என்ன சொன்னான் என்று எனக்கும் கேட்கவில்லை. மில்லை நிறுத்தினால் எல்லாரும் கேட்கலாம், ஆனால் அவன் பேச்சு அதோடு நின்றுவிடும். நிறுத்தாவிட்டால் அவன் பேசுவான், நம் காதில் ஒன்றும் விழாது. சாவி நடராசன் கையில் இருக்கிறது. கேட்காத பதிலுக்குச் சாவி கொடுக்கலாமா என்பதை அவர் இடத்தில் நீங்கள் குந்திக்கொண்டு முடிவு செய்யுங்கள். சீக்கிரம் செய்யுங்கள், கரண்ட் போகிற நேரம் ஆகிறது.

கொளஞ்சிநாதன் இன்னும் பேசி முடிக்கவில்லை.